இந்தக் கப்பல் எப்படி இவ்வளவு கிட்ட வந்தது?

என் கணினியில் 'தூத்துக்குடி 1914' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் 2,300 படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பழைய அஞ்சலட்டைகள், கப்பல் கம்பெனி விளம்பரங்கள், தலைப்பாகை கட்டும் விதங்கள், மண்ணெண்ணெய் விளக்கு, ரயில் நிலையக் கடிகாரம், வில்வண்டிச் சக்கரம், குடைக் கைப்பிடி என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் 'வேலை' என்பேன். வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. நண்பன் ஒருவன் சித்திரக்கதை எழுதுகிறான், அதற்கு நான் படம் வரைகிறேன். கதை நிற்பது ஒரே ஒரு 'நடக்காமல் இருந்திருந்தால்' மேல்: 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதாகவில்லை, சுதேசிக் கப்பல் கம்பெனி கவிழவில்லை. அப்படியென்றால் 1914-ல் தூத்துக்குடி எப்படி இருந்திருக்கும்?

கதை எழுதுகிறவனுக்கு இது சுலபம். 'துறைமுகம் பரபரப்பாக இருந்தது' என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டுப் போய்விடுவான். வரைகிறவன்தான் மாட்டிக்கொள்வான். பரபரப்பு என்றால் யார், என்ன உடையில், எதைத் தூக்கிக்கொண்டு, எதன் மேல் நின்றுகொண்டு? நடந்த வரலாற்றை வரைந்தால் சரிபார்க்கப் படம் இருக்கும். நடக்காததை வரையும்போது எல்லாமே 'இருந்திருக்கலாம்' கணக்குதான். அதனாலேயே நான் வெறி பிடித்தவன்போலப் படம் சேர்த்தேன். எதையும் கற்பனையாகப் போடக்கூடாது, ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு சாட்சி வேண்டும் என்பது என் கொள்கையாக இருந்தது. நாலு பித்தளைப் பல்சக்கரத்தை ஒட்டி, வானத்தில் ஒரு ஆகாயக் கப்பலை மிதக்கவிட்டால் மாற்று வரலாறு ஆகிவிடும் என்று நினைக்கும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன் என்ற கர்வமும் கொஞ்சம் இருந்தது.

அந்தக் கர்வத்தை ஒரு பெரியவர் ஒரே கேள்வியில் இறக்கிவைத்தார். ஒரு வருடம் ஆகிறது, இன்னும் அது மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. அதைச் சொல்வதற்கு முன் நான் எதையெல்லாம் எப்படிச் சேர்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

குடைக்கு இரண்டு நாள்

சுதேசிக் கம்பெனியை ஒழிக்கப் போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்ற கதையைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். நண்பனின் கதையிலும் அந்தக் குடை வருகிறது. சரி, அது என்ன குடை? இதற்கு மட்டும் இரண்டு நாள் போனது. கிராமத்து ஆள் கையில் அன்று இருந்தது ஓலைக்குடை அல்லது தாழங்குடை. இரும்புக் கம்பியும் கறுப்புத் துணியும் வளைந்த பிரம்புப் பிடியும் வைத்த குடை, காசுள்ளவன் கையில் இருந்த சாமான். அதை வரைந்து முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் 'ஒரு குடைக்காகவா?' என்று சிரித்திருக்கிறேன். அந்தக் குடை அவ்வளவு அற்பமான லஞ்சமாக இருந்திருக்காது.

இப்படிப்பட்ட சாமான்களுக்குப் புகைப்படத்தைவிட விளம்பரம்தான் நம்பகமானது என்று சீக்கிரமே புரிந்துகொண்டேன். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உட்கார்ந்து பழைய இதழ்களைப் புரட்டினால் கட்டுரைகளைவிடக் கடைசிப் பக்கங்கள்தான் எனக்குப் புதையல். கைக்கடிகாரம், கூந்தல் தைலம், தாதுபுஷ்டி லேகியம், ஹார்மோனியம். புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்கள் இருப்பதிலேயே நல்லதை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அல்லது ஆங்கிலேய இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் மாதிரி ஆட்கள் அவர்களைச் சாதிவாரியாக நிறுத்தி, மூக்கை அளந்து படம் எடுத்தார்கள். 1909-ல் அவர் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த அந்தப் பெரும் புத்தகத்தில் உடைக்கு எவ்வளவோ மாதிரி கிடைக்கும். ஆனால் அதைப் பார்த்து வரைந்தால் என் பாத்திரங்களும் கைதிகளைப்போல நேராக நின்று முறைத்தார்கள். இரண்டு அத்தியாயம் வரைந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

நிறம் இன்னொரு தலைவலி. அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகள் நீலத்தை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் காட்டும். நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டு மாதிரித் தெரியும். அரக்குச் சேலை கறுப்புச் சேலையாகிவிடும், நீல வேட்டிக்கரை காணாமலே போய்விடும். நம் பாட்டிமார்கள் எல்லாம் ஏதோ துக்க வீட்டிலிருந்து வந்தவர்கள்போலப் பழைய படங்களில் இருப்பதற்குப் பாதிக் காரணம் இது. கப்பலுக்கும் இதே கதைதான். போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்களின் புகைபோக்கி கறுப்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை. இது எழுத்தில் இருக்கிறது, பிரச்சினை இல்லை. சுதேசிக் கப்பலின் புகைபோக்கிக்கு நான் சிவப்பு அடித்தேன். ஏன் சிவப்பு என்று நண்பன் கேட்டான். புகைப்படத்தில் கறுப்பாகத் தெரிந்தாலும் அது சிவப்பாக இருந்திருக்கலாம் என்றேன். நல்ல வக்கீல் வாதம் என்றான்.

எழுத்துருவையும் சொல்லவேண்டும். பெயர்ப்பலகை வரையும்போது கணினியில் இருக்கும் எழுத்தை அப்படியே போட்டுவிட்டேன். 'இந்தியா முழுமைக்கும் சென்னைக்கும்' என்று ஒரு பலகை. அடுத்த நாள் பார்த்தால் அது 1914-ன் பலகையே இல்லை. இன்றைய லை, னை எல்லாம் 1978 அரசாணைக்குப் பிறகு வந்த வடிவம். பெரியாரே 1935-ல்தான் குடி அரசில் சீர்திருத்த எழுத்தைப் புழங்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் துதிக்கை தூக்கிய லை, சுழித்துக்கொண்டு வளையும் னா. ஆக, ஒவ்வொரு பலகையையும் கையால் எழுதினேன். என் தாத்தாவின் நோட்டுப் புத்தகம்தான் மாதிரி. இதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. யாரும் கவனிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் செய்கிற வேலையில் ஒரு தனி ருசி இருக்கிறது.

தரை தட்டிரும்லா

இவ்வளவும் சேர்த்து, கதையின் முதல் விரிபக்கத்தை வரைந்தேன். மூன்று மாத வேலை. கருங்கல் படித்துறை. அதை ஒட்டி சுதேசிக் கம்பெனி வாங்கிய 'காலியா' கப்பல். கப்பலிலிருந்து இறங்கும் மரப்பாலம், அதில் தலைப்பாகைக்காரர்கள். கரையில் நாதஸ்வரம், மாலைகள், பாரந்தூக்கிகள், மூட்டை சுமக்கும் ஆட்கள். பின்னணியில் பனிமய மாதா கோயில் கோபுரம். பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் 'என்னமோ லண்டன் மாதிரி இருக்கு' என்றார். அவருக்குப் பொறாமை என்று முடிவுகட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு வேலையாகத் தூத்துக்குடிக்குப் போனபோது நண்பனின் பெரியப்பாவைப் பார்க்கப் போனோம். எண்பதைத் தாண்டியவர். வாலிபத்தில் தோணியில் ஏறி, கடைசியில் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்மரத்திலேயே போய்வந்த ஆள். அவருக்குக் காட்டுவதற்கென்றே பெரிய தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். பாராட்டு வாங்கத்தான், வேறெதற்கு? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முகங்களைப் பார்க்கவில்லை, என் பலகைகளைப் பார்க்கவில்லை. தண்ணீர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது எந்த ஊரு?"

"நம்ம ஊர்தான் பெரியப்பா. பழைய தூத்துக்குடி. வ.உ.சி. கப்பல்."

"அதுக்கில்ல. இந்தக் கப்பலு எப்படி இம்புட்டுக் கிட்ட வந்துச்சி? தரை தட்டிரும்லா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நம்ம கடல் ஆழம் கிடையாது, புது ஹார்பர் வருவதற்கு முன்னால் எந்தப் பெரிய கப்பலும் கரைக்கு வந்ததில்லை, தூரக்க நங்கூரம் போட்டு நிற்கும், தோணியும் வள்ளமும்தான் போய்ச் சரக்கை ஏற்றியிறக்கும் என்று மெதுவாகச் சொன்னார். "கரையில நின்னு பாத்தா பொகைதான் தெரியும். நீ அதப் போய் வாசல்ல கட்டி வச்சிருக்க."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்ததற்குக் காரணம், அது தெரியாத விஷயமல்ல. நான் படித்திருந்தேன். பாம்பன் பாலம் வருவதற்கு முன்னால் கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, சிறு படகில் சில மைல் போய்த்தான் கப்பல் ஏறினார்கள் என்று என் குறிப்பேட்டிலேயே எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். ஆனால் வரைய உட்கார்ந்தபோது கை போனது பம்பாய்க்கும் லிவர்பூலுக்கும்தான். ஏனென்றால் என் ஃபோல்டரில் 'துறைமுகம்' என்ற பெயரில் கிடந்தவை அவை. அங்கே ஆழமான கப்பல்துறை உண்டு, கப்பல் கரையை உரசிக்கொண்டு நிற்கும், படம் எடுக்க அழகாக இருக்கும். தூத்துக்குடியில் படம் பிடிக்க என்ன இருக்கிறது? மணல், தோணி, தொடுவானத்தில் ஒரு புகைக்கோடு. அதனால் அங்கே எடுத்த படம் குறைவு, அதனால் என் சேகரிப்பில் குறைவு, அதனால் என் கண்ணில் இல்லை. லண்டன் மாதிரி இருக்கிறது என்றவருக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

திரும்பும் வழியில் நண்பன் இன்னும் ஒரு ஆணி அடித்தான். தூத்துக்குடி புதுத் துறைமுகம் செயல்பட ஆரம்பித்தது 1974-ல். 2011-லிருந்து அதற்கு வ.உ.சி. பெயர். இப்போது அங்கே கப்பல் கரையோடு ஒட்டித்தான் நிற்கிறது. "நீ வரஞ்சது மாற்று வரலாறே இல்லடா. இன்னைக்கு இருக்கிற ஹார்பருக்கு வேட்டி கட்டிவிட்டிருக்க."

புகைக்கோடு

சரி, கம்பெனி ஜெயித்திருந்தால் கடலை ஆழப்படுத்தியிருக்காதா என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். மூன்று மாத வேலையை அவ்வளவு சுலபமாகக் கிழித்துப்போட மனசு வராது. கம்பெனியின் மொத்த மூலதனமே 10 லட்சம் ரூபாய், பங்கு 25 ரூபாய் வீதம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு எடுத்து 2 லட்சம் போட்டதால்தான் அதுவே நின்றது. அந்தப் பணத்தில் கப்பல் வாங்குவதே பெரிய பாடு. கொச்சியில் மணல்திட்டை வெட்டிப் பெரிய கப்பலை உள்ளே விட்டது அரசாங்கப் பணத்தில், அதுவும் 1920-களில். 1914-ல் தூத்துக்குடிக் கடல் 1906-ல் இருந்த கடல்தான். யார் கைதானாலும் ஆகாவிட்டாலும் அதன் ஆழம் ஒரு முழம்கூடக் கூடாது.

கிழித்துப்போட்டேன். அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் 'இது அழகாக இருக்கிறதா, இது அந்தக் காலத்ததா' என்று பார்த்துச் சேர்த்தேன். இப்போது ஒவ்வொரு படத்திடமும் 'நீ ஏன் அங்கே நிற்கிறாய்' என்று கேட்க ஆரம்பித்தேன். இந்தக் கேள்விக்கு நிறையப் படங்கள் தாங்கவில்லை. பாரந்தூக்கி போச்சு, கருங்கல் படித்துறை போச்சு. அதற்குப் பதிலாகக் கடற்கரை மணலில் குவிந்து கிடக்கும் பஞ்சுப் பொதி, நிலாவரை இலைச் சிப்பம், பனந்தும்புக் கட்டு, கொழும்புக்குப் போகும் வெங்காய மூட்டை, கத்திக்கொண்டு நிற்கும் ஆடு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் சுமையேற்றும் ஆட்கள். அழகியலில் எனக்குப் பெரிய நஷ்டம். ஆனால் முதல்முறையாகப் படம் தூத்துக்குடி மாதிரித் தெரிந்தது.

கப்பலும் மாறியது. என் பழைய படத்தில் அது பளபளவென்று இருந்தது, சுதேசிக் கப்பல் அல்லவா. யோசித்தால், நடந்த வரலாற்றிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இந்தியர்கள் தொடங்கிய சிந்தியா கப்பல் கம்பெனி 1919 ஏப்ரலில் பம்பாயிலிருந்து லண்டனுக்கு விட்ட 'லாயல்டி' கப்பல், குவாலியர் மகாராஜாவிடமிருந்து வாங்கிய பழைய கப்பல். அதற்கும் முன்னால் வேறு பெயரில் வேறு கம்பெனிக்கு ஓடியது. விசாகப்பட்டினத்தில் 'ஜல உஷா' வெள்ளோட்டம் விடப்பட்ட 1948 வரைக்கும் சுதேசிக் கப்பல் என்றால் பெரும்பாலும் ஐரோப்பாவில் கட்டியதுதான். காலியாவே பிரான்சிலிருந்து வந்தது. ஆகவே என் கம்பெனி 1914-ல் புதிதாக வாங்கும் கப்பலும் எவனோ ஓட்டிக் களைத்ததாகத்தான் இருக்கும். பழைய பெயர் மேல் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், வெயிலில் அடியெழுத்து லேசாகத் தெரியும். அந்த அடியெழுத்தை வரைந்த அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் பாம்பன். 1914 பிப்ரவரியில் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி வழியே தலைமன்னாருக்குப் போக ஆரம்பித்தார்கள். கொழும்புக் கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த போட்மெயில் ரயிலும் அங்கே திரும்பிவிட்டது. வ.உ.சி. கைதானாரா இல்லையா என்பதற்கும் அந்தப் பாலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்றால் எங்கள் கதையில் ஜெயித்துக்கொண்டிருக்கும் கம்பெனியின் வயிற்றில் அதே வருடம் அடி விழுகிறது. போதாததற்கு செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வேறு. நண்பனிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் மொத்தக் கதையையும் திருப்பி எழுத ஆரம்பித்தான். இப்போது முதல் அத்தியாயமே பாலம் திறக்கும் நாளில்தான் தொடங்குகிறது. கரையில் கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது, தொலைவில் புகைக்கோடு. பெரியப்பாவுக்கு அனுப்பினோம். "இப்பச் சரி" என்று ஒரு குரல்செய்தி வந்தது. வேறு எதுவும் சொல்லவில்லை.

மேல்தளம்

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் கப்பலின் மேல்தளத்தை வரையவேண்டி வந்தது. பின்னோக்கிப் போகும் ஒரு காட்சி, 1907, காலியாவின் ஆரம்ப நாட்கள். பழைய வழக்கப்படி நான் அதில் பட்டைக்கரை வேட்டியும் தலைப்பாகையுமாக நிரப்பியிருந்தேன். பங்குதாரர்கள், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள். பிறகு பெரியப்பாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. இவர்கள் ஏன் இங்கே நிற்கிறார்கள்?

காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம் என்பார்கள். கூடவே 4,000 மூட்டை சரக்கு. இந்த எண்களை நான் நூறு தடவை படித்திருப்பேன், பெருமையாக மேற்கோள் காட்டியிருக்கிறேன். அந்த 1,300 பேர் யார் என்று ஒருதடவைகூட யோசித்ததில்லை. அன்றைக்குத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் வக்கீல்கள் இல்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன தொழிலாளிகள். குழந்தையும் குட்டியும் சட்டிபானையும் துணிமூட்டையுமாக. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். எந்தத் தோட்டம் என்ற அடையாளம் அதில் பொறித்திருக்கும், கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளலாம். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டக் கணக்கில் ஏறும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் அது தொழிலாளியின் கடனாகத்தான் வந்து நிற்கும். குடை இலவசமா, கட்டணம் எட்டணாவா என்பதெல்லாம் அந்த வில்லைக்காரனைத் தொட்டிருக்குமா என்றே எனக்கு இப்போது சந்தேகம். எந்தக் கப்பல் என்று முடிவுசெய்தது அவனாக இருந்திருக்காது.

கம்பெனி தப்பிப் பிழைத்த எங்கள் உலகத்திலும் தேயிலைத் தோட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன. என்றால் எங்கள் சிவப்புப் புகைபோக்கிக் கப்பலின் மேல்தளத்திலும் அவர்கள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நண்பன் இதைக் கேட்டுவிட்டு, "அதைப் போட்டா கதையே வேறயாயிடும்" என்றான். போடாவிட்டால் வேறு எதைப் போடுவது என்று அவனுக்கும் தெரியவில்லை.

தலைப்பாகைகளை அழித்துவிட்டேன். இப்போதைக்கு மேல்தளத்தில் ஒரு பெண், மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் சுருட்டிய பாய். சேலைக்கு அரக்கு நிறம் கொடுத்திருக்கிறேன். கழுத்துக் கயிற்றில் தகர வில்லை தொங்குகிறது. அதன் மேல் பொறிக்க ஒரு எண் வேண்டும், இன்னும் எழுதவில்லை.